தொட்டிச் செடியில் எறும்பு: ஸ்பிரே அடிக்கும் முன் வரிசையைப் பாருங்கள்

தொட்டியில் எறும்பைக் கண்டதும் கை தானாக ஸ்பிரே டப்பாவைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். அந்த வரிசை எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். தண்டில் ஏறி இலைக்கு அடியில் மறைகிறதா? தொட்டி மண்ணுக்குள் இறங்குகிறதா? இல்லை, தொட்டியில் குடியிருந்துகொண்டு கதவிடுக்கு வழியாக உங்கள் சமையலறைக்குப் போய்வருகிறதா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைப் பார்க்காமல் எதைத் தெளித்தாலும் காசுதான் வீண்.

நான் சிங்கப்பூரில், ஈசூனில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். வாசல் தாழ்வாரத்தில் கறிவேப்பிலை, கத்தரி, மிளகாய், வெண்டை, பயத்தங்காய், துளசி, ஒரு லிமாவ் (எலுமிச்சை வகை) செடி எல்லாம் தொட்டியில்தான். எங்கள் புளோக்கில் பலர் 2020-இல் தேசியப் பூங்காக் கழகம் விதைப் பாக்கெட் கொடுத்தபோது செடி வைக்க ஆரம்பித்தவர்கள். அதனால் எறும்பு புகார் என்றால் என் வாசலுக்கு வந்துவிடும். மேல்மாடித் தம்பி ஒருவர், “அக்கா, ஒரு ஸ்பிரே அடிச்சா செத்துரும் லா, இதுக்குப் போய் டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கீங்க” என்று சிரித்துவிட்டுப் போவார். அவருக்கான பதிலும் இதில் இருக்கிறது.

பார்ப்பதற்கு நல்ல நேரம் பொழுது சாய்ந்த பிறகு. பகலில் நம் தாழ்வாரச் சிமெண்டுத் தரை காய்கிற சூட்டில் பல எறும்புகள் வெளியே வராது. கைபேசி டார்ச்சை இலையின் அடிப்பக்கமாகப் பிடியுங்கள்.

தண்டில் ஏறும் வரிசை

தொட்டித் தோட்டத்தில் அதிகம் காண்பது இதுதான். மிளகாய்ச் செடியில் இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவைப் பாருங்கள். பஞ்சைக் கிள்ளி ஒட்டியதுபோல் வெள்ளையாக ஏதாவது இருந்தால் அது மாவுப்பூச்சி. இளந்தளிரில் பச்சையாகவோ கறுப்பாகவோ அப்பியிருந்தால் அசுவினி. கறிவேப்பிலைத் தண்டில் பழுப்பு நிறத்தில் மச்சம் மச்சமாக இருந்து, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தால் செதில் பூச்சி. மூன்றும் செடியின் சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய சர்க்கரையைப் பிசுபிசுப்பான நீராகக் கழிக்கும். எறும்பு வருவது அதற்குத்தான். டார்ச் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால், எறும்பு தன் உணர்கொம்பால் அசுவினியின் முதுகைத் தட்டுவதும், பின்னாலிருந்து ஒரு சொட்டு வருவதும், அதை எறும்பு குடிப்பதும் தெரியும். கறவை மாட்டைப் பார்த்துக்கொள்கிற மாதிரியே எறும்பு அந்தப் பூச்சிகளைப் பார்த்துக்கொள்கிறது. பொறிவண்டு வந்தால் விரட்டும். அசுவினிக்குள் முட்டையிட வரும் குட்டிக் குளவியையும் அண்டவிடாது.

ஆகவே இலையைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டினாலோ, கரி பூசியதுபோல் மேலே கரும்பூசணம் படிந்திருந்தாலோ, எறும்பைப் பார்க்காமலே சொல்லிவிடலாம், மேலே எங்கோ சாறுறிஞ்சி இருக்கிறது. எறும்பை மட்டும் கொன்றால் பூச்சி அப்படியே இருக்கும், சர்க்கரையும் சொட்டிக்கொண்டே இருக்கும், நாளைக்கு வேறொரு எறும்புக் கூட்டம் வரும். அதே மாதிரி, பூச்சியை மட்டும் ஒருமுறை கழுவிவிட்டு எறும்பு ஏறும் வழியைத் திறந்து வைத்திருந்தாலும் பூச்சி பெருகிவிடும். இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டும்.

முதல் வேலை தண்ணீர். செடியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய், ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு, குழாயை இலையின் அடிப்பக்கம் பீய்ச்சுங்கள். அசுவினியில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். மாவுப்பூச்சிக்கு மெழுகுப் போர்வை உண்டு என்பதால் தண்ணீர் மட்டும் போதாது. காது குடையும் பஞ்சுக் குச்சியை 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் தோய்த்து ஒவ்வொன்றாகத் தொட்டுவிடுங்கள். வெள்ளை மாவு கரைந்து உள்ளே இருக்கும் பூச்சி பழுப்பாக மாறுவது கண்ணுக்கே தெரியும். பொறுமை வேண்டிய வேலைதான். நான் வானொலியில் பழைய பாட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். செதில் பூச்சியைப் பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து எடுக்கலாம். அளவுக்கு மீறி அப்பிய கிளையை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள், பரிதாபம் பார்க்காதீர்கள்.

பிறகு வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், அது தண்ணீரோடு கலப்பதற்குச் சில சொட்டு மென்மையான திரவச் சோப்பு. நன்றாகக் குலுக்கி, வெயில் இறங்கிய பிறகு இலையின் இரு பக்கமும் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து மறுநாள் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள், பாத்திரம் கழுவும் சோப்பில் சில வகை செடிக்கு ஆகாது. வாரம் ஒருமுறை, பூச்சி அடங்கும்வரை. தெளித்த கறிவேப்பிலையைச் சில நாள் பறிக்க வேண்டாம். பறித்தாலும் ரசத்தில் வேப்பெண்ணெய் வாடைதான் வரும்.

கடைசியில் வழியை அடையுங்கள். தண்டைச் சுற்றிக் காகித டேப் ஒட்டி, அதன்மேல் பெட்ரோலியம் ஜெல்லியைப் பட்டையாகத் தடவுங்கள். நேரடியாகத் தண்டில் தடவக் கூடாது. தூசி படிந்தால் எறும்பு மேலேயே நடந்து போகும், அப்போது துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். ஆனால் ஒரே ஒரு இலை சுவரையோ கம்பித் தடுப்பையோ பக்கத்துத் தொட்டியையோ தொட்டுக்கொண்டிருந்தாலும் அத்தனையும் வீண், எறும்பு அந்தப் பாலத்தில் வந்துவிடும். கிளையைக் கத்தரித்து, தொட்டியைச் சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளி வையுங்கள். தாழ்வாரத்தில் நடைவழி 1.2 மீட்டர் விட வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காகத் தொட்டியைக் கைப்பிடிச் சுவர்மேல் தூக்கி வைத்துவிடாதீர்கள், கீழே ஆள் நடக்கிற இடம்.

வெண்டையும் பயத்தங்காயும் வேறு கதை

இந்த இரண்டிலும் எறும்பைப் பார்த்துப் பதற வேண்டாம். பயத்தங்காயில் பூக்காம்பின் மேல், பூவுக்கு வெளியே, தேன் சுரக்கும் சிறு மேடுகள் உண்டு. செடியே எறும்புக்கு வைக்கும் கூலி அது. தேனுக்கு வரும் எறும்பு அங்கே வரும் புழுவையும் பூச்சியையும் விரட்டும். வெண்டை இலையின் அடியில் கண்ணாடி மணிபோல் சின்னச் சின்ன உருண்டைகள் தெரியும். பூச்சி முட்டை என்று பயந்து செடியைப் பிடுங்கியவர்களை எனக்குத் தெரியும். அது செடியே உண்டாக்குவதுதான். பூச்சி ஏதும் இல்லாமல் நாலைந்து எறும்பு மட்டும் உலாத்தினால் விட்டுவிடுங்கள். பயத்தங்காய்ப் பிஞ்சில் கறுப்பு அசுவினி அப்பியிருந்தால் மட்டும் மேலே சொன்ன வைத்தியம்.

மண்ணுக்குள் குடியேறினால்

தண்ணீர் ஊற்றியதும் முட்டையைக் கவ்விக்கொண்டு எறும்புகள் மேலே கொப்பளித்து வந்தால் உள்ளே கூடு இருக்கிறது. ஈரமில்லாத, பொலபொலவென்ற மண் அவற்றுக்குப் பிடிக்கும். நாம் வாங்கும் கலவையில் தேங்காய் நார்த்தூள்தான் அதிகம். அது ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உறிஞ்சாது. ஊற்றுகிற தண்ணீர் தொட்டி ஓரமாக வழிந்து கீழே போய்விடும், நாமும் ஊற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம், நடுவில் மண் சுக்காகக் கிடக்கும். எறும்புக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது.

சின்னத் தொட்டி என்றால் ஒரு வாளி எடுங்கள். மண்மட்டத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும்படி தொட்டியை முழுதாக அமிழ்த்தி அரை மணி நேரம் விடுங்கள். முதலில் குமிழி வரும், பிறகு எறும்பு வரும். செடி மேல் ஏறுபவற்றைத் தட்டித் தண்ணீரில் விழவையுங்கள். மிதக்கும் கூட்டத்தின்மேல் இரண்டு சொட்டு சோப்பு விட்டால் அவை மூழ்கிவிடும். அதுவரை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தெப்பமாக மிதக்கும். தொட்டியைத் தூக்கி நன்றாக வடியவிட்டு, வாளியை உடனே கவிழ்த்து வையுங்கள். ராணி தப்பிவிட்டால் மறுபடி கூடு கட்டும் என்பதால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை செய்வது நல்லது.

தூக்க முடியாத பெரிய தொட்டிக்கு, மேல்மண்ணை ஒரு விரல் ஆழம் கிளறிவிட்டு, இடைவெளி விட்டு இடைவெளி விட்டுத் தண்ணீர் ஊற்றி முழு மண்ணையும் ஈரமாக்குங்கள். நாலைந்து நாள் ஈரம் குறையாமல் வைத்திருந்தால் பெரும்பாலும் அவையே இடம் மாற்றிக்கொள்ளும். இறுகிய மண்ணைக் கிளறிவிடச் சொல்லி தேசியச் சுற்றுப்புற வாரியம் கொசுவுக்காகச் சொல்வதும் இதே வேலைதான், ஒரே கிளறலில் இரண்டு பலன். அப்படியும் போகவில்லை என்றால் செடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேரில் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தால் அது வேர் மாவுப்பூச்சி, எறும்பு அதற்காகத்தான் அங்கே இருக்கிறது. வேரைக் கழுவி, புது மண்ணில் நடுவதுதான் வழி.

ஊரில் பலர் செய்யும் ஒரு வித்தை இங்கே உதவாது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து அதில் தண்ணீர் நிரப்பி அகழிபோல் விடுவது. எறும்பு தாண்டாது, உண்மை. ஆனால் ஏடிஸ் கொசு முட்டையிட 20 காசு நாணயம் அகலத் தண்ணீர் போதும், முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம்கூடத் தேவையில்லாமல் போகலாம். டெங்கி வந்தால் உங்கள் வீட்டோடு நிற்காது, சோதனைக்கு வருபவர் புழுவைக் கண்டால் அபராதமும் உண்டு. தட்டையே எடுத்துவிட்டு, தொட்டியை மூன்று கால் தாங்கியில் ஏற்றி, கால்களில் டேப் ஒட்டி ஜெல்லி தடவுங்கள். மூன்று கால்தான் வழி என்றால் அடைப்பதும் எளிது.

வீட்டுக்குள் வரும் சின்ன எறும்பு

இங்கேதான் மேல்மாடித் தம்பிக்குப் பதில். வீவக வீடுகளில் சமையலறைக்குள் வரும் மிகச் சின்ன எறும்பில் இரண்டு வகை அதிகம். ஒன்று மஞ்சள் நிறம், இரண்டு மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். இன்னொன்று அதைவிடச் சிறியது, தலை கறுப்பு, பின்பகுதி வெளுத்துக் கண்ணாடிபோல் இருக்கும், வெள்ளை ஓட்டின்மேல் ஓடும்போது கறுப்புப் புள்ளி தானாக நகர்வதுபோல் தெரியும். இரண்டிலும் ஒரு கூட்டில் பல ராணிகள் இருக்கும். மஞ்சள் எறும்பின்மேல் ஸ்பிரே அடித்தால் கண்ணில் பட்டது சாகும். மிச்சம் ஆபத்தை உணர்ந்து, ஆளுக்கொரு ராணியையும் கொஞ்சம் குஞ்சுகளையும் தூக்கிக்கொண்டு பிரிந்து, சுவிட்சுப் பெட்டிக்குப் பின்னால் ஒன்று, கதவு நிலையில் ஒன்று என்று தனித்தனிக் கூடு போடும். ஒரு கூடு நாலாகும். அடித்த வாரம் நிம்மதி, அடுத்த மாதம் படுக்கையறையிலும் எறும்பு.

இவற்றுக்கு ஒரே வழி தீனியில் மருந்து. கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடர் ஞாபகம் இருக்கிறதா, அதேதான். ஆனால் இப்போது கேரம் பவுடர் என்று வேறு மாவும் விற்கிறார்கள், லேபிளில் போரிக் ஆசிட் என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். 200 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், 20 கிராம் சீனி, 2 கிராம் போரிக் பவுடர். தலை தட்டிய அரைத் தேக்கரண்டிக்கு மேல் பவுடர் போகக் கூடாது. நிறையப் போட்டால் சீக்கிரம் சாகும் என்று நினைப்போம். அப்படிச் செய்தால் குடித்த எறும்பு வழியிலேயே விழுந்துவிடும், கூட்டுக்கு ஒன்றும் போய்ச் சேராது. மெதுவாகக் கொல்லும் அளவில் இருந்தால்தான் அது வயிற்றில் சுமந்துபோய் வாயோடு வாய் ஊட்டி, ராணிவரை கொண்டுபோகும்.

கலவையில் பஞ்சை நனைத்து, பழைய தயிர் டப்பாவுக்குள் வைத்து மூடி, பக்கவாட்டில் ஊசியால் சில துளை போடுங்கள். டப்பாவின்மேல் ‘விஷம்’ என்று எழுதுங்கள். எறும்பு வரிசைக்குப் பக்கத்தில், குழந்தைக்கும் தாழ்வாரத்தில் திரியும் பூனைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். பவுடர் டப்பாவை உப்பு, மாவு இருக்கும் அலமாரியில் வைக்கவே வேண்டாம். முதல் நாள் எறும்பு அதிகமாக வந்து மொய்க்கும். வரட்டும். அப்போது துடைப்பதும் ஸ்பிரே அடிப்பதும் கெடுத்துவிடும். பஞ்சு காய்ந்தால் மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும்.

சீனித் தண்ணீரைச் சீண்டவே இல்லை என்றால் அந்த நேரத்தில் அதற்குக் கொழுப்போ புரதமோ தேவை. ஒரு அட்டையில் ஒரு துளி சீனிப்பாகு, ஒரு துளி கடலை வெண்ணெய், ஒரு துண்டு நெத்திலி வைத்து எதற்குக் கூட்டம் கூடுகிறது என்று பாருங்கள். பிறகு அதில் ஒரு சிட்டிகை பவுடரைக் குழைத்து வையுங்கள். கடையில் விற்கும் ஜெல் தீனியும் நல்லதுதான். ஒன்று மட்டும்: போரிக் கலவையைத் தொட்டி மண்ணில் ஊற்றாதீர்கள். போரான் கொஞ்சம் கூடினாலே இலை நுனி கருகிச் செடி போய்விடும், மண்ணிலிருந்து அதை எடுப்பதும் கஷ்டம்.

மஞ்சள்தூள், பட்டைத்தூள், காப்பித்தூள் சக்கை பற்றிக் கேட்பார்கள். எறும்பு கொஞ்சம் சுற்றிக்கொண்டு போகும், அவ்வளவுதான். டயட்டம் மண் என்று ஒரு பொடி விற்கிறார்கள். காய்ந்திருந்தால் மட்டுமே அது வேலை செய்யும். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், சாரல் அடிக்கும் தாழ்வாரத்தில், அது எத்தனை நாள் காய்ந்திருக்கும்? எறும்புச் சாக்பீஸில் இருப்பது செயற்கைப் பூச்சிமருந்து. நாம் சாப்பிடும் கீரைத் தொட்டியில் அதைக் கிழிக்காதீர்கள். குழந்தைகள் அதை எழுதும் சாக்பீஸ் என்று எடுத்துவிடும் ஆபத்து வேறு.

நாமே வரவழைப்பது

வாழைப்பழத் தோலை அப்படியே மண்மேல் போடுவது, கடலைப் புண்ணாக்கைத் தூவுவது, வெல்லம் சேர்த்த மீன் அமிலத்தை மண்மேல் ஊற்றுவது, இதெல்லாம் விருந்துக்கு அழைப்பு. புண்ணாக்கை ஊறவைத்துப் புளித்த பிறகு நிறையத் தண்ணீர் சேர்த்து ஊற்றுங்கள், தோலைப் புதையுங்கள். அரிசிமாவுக் கோலமும் இதில் சேரும். எறும்புக்குப் போடும் அன்னம் அது என்று சொல்லித்தான் நம் வீடுகளில் போடுகிறோம், நானும் வெள்ளிக்கிழமை போடுவேன். தொட்டிக்கு ஒட்டிப் போடாமல் வாசலின் மறுபக்கம் போட்டால் புண்ணியமும் கெடாது.

கீரை விதை முளைக்கவில்லை என்று விதைக்காரரைத் திட்டுபவர்கள் ஒருமுறை எறும்பைச் சந்தேகிக்கலாம். தண்டுக்கீரை விதையைத் தூவிய அன்று ராத்திரியே அள்ளிக்கொண்டு போய்விடும். விதையை மணலோடு கலந்து தூவி, மெல்லியதாக மண் போர்த்தி ஈரமாக்குங்கள், தொட்டிக்கு வெளியே ஒரு பிடி ரவையைப் போடுங்கள். முளை வரும்வரை அதை இழுத்துக்கொண்டிருக்கும்.

சமூகத் தோட்டத்தில்

தரையில் மண் வெட்டும் இடத்தில் நெருப்பெறும்பு இருக்கலாம். பொலபொலவென்று கிளறிய மண்மேடு கண்டால் மிதிக்காதீர்கள், ரப்பர் பூட்ஸ் போடுங்கள். கொட்டிய இடம் தீச்சுட்டதுபோல் எரிந்து பின்னர் கொப்புளமாகும். சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ யோசிக்காமல் ஆம்புலன்சுக்கு 995 அழையுங்கள். பூங்காவிலோ புளோக்கின் கீழ்த்தளத்திலோ கூடு கண்டால் நீங்களே கொதிநீர் ஊற்றக் கிளம்பாமல் பொறுப்பில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள், கீழ்த்தளம் என்றால் நகர மன்றம்.

மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்துப் பந்துபோல் கூடு கட்டும் சிவப்பு எறும்பு முசுறு. மலாய்க்காரர்கள் கெரெங்கா என்பார்கள். தன் குஞ்சுப் புழுவை வாயில் பிடித்து, அது சுரக்கும் பட்டு நூலால் இலையை ஒட்டும். இதை மட்டும் விரட்டாதீர்கள். கி.பி. 304-ஐ ஒட்டியதாகச் சொல்லப்படும் ஒரு சீனக் குறிப்பிலேயே, ஆரஞ்சு வகைத் தோட்டத்துக்காக இந்த எறும்புக் கூட்டைப் பையோடு சந்தையில் விற்றதாக இருக்கிறது. பழத்தைக் குடையும் பூச்சியை அது அவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்ளும். இதுவும் செதில் பூச்சியை வளர்க்கும்தான், ஆனால் பெரிய மரத்துக்கு வரவு செலவு பார்த்தால் லாபம். எங்கள் தோட்டக் குழு மாங்காய் பறிக்கும்போது முழுக்கைச் சட்டையோடு, கொக்கிக் கம்பால் கூடில்லாத கிளையில் மட்டும் கை வைக்கும். விழுந்த காயை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தால் ஒட்டியிருக்கும் எறும்பு கழன்றுவிடும். சட்டைக்குள் ஒன்று புகுந்துவிட்டால் தட்டாமல் கிள்ளி எடுங்கள், தட்டினால் இன்னும் இறுகக் கடித்துக் கடிவாயில் அமிலத்தையும் பீய்ச்சும்.